பனைமரம் இல்லாத கரை: ஒரு மண் செய்தியின் கதை

கண்மாயில் மண் அள்ளுவது பற்றி நாங்கள் போட்ட ஒரு செய்தியின் கதை இது; 2024 ஆகஸ்டில் தொடங்கி 2025 கோடையில் முடிந்த விவகாரம். நடந்தது மதுரை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில். ஒரு தமிழ் நாளிதழின் மதுரைப் பதிப்பில் மாவட்டப் பக்கங்களைப் பார்க்கிறவன் நான். ஊர், தாலுகா, பத்திரிகை, ஆட்கள் என எந்தப் பெயரும் இதில் வராது. எதற்கு இவ்வளவு கவனம் என்பது போகப்போகத் தெரியும். நடந்த தவறுகளில் பெரியது என்னுடையது என்பதால் இதை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

பின்னணி

ஊர் பெரியாறு கால்வாயின் கடைமடைப் பக்கம். ஒருபோகம்தான். வைகை அணையில் வழக்கமாகச் செப்டம்பர் நடுவில் தண்ணீர் திறப்பார்கள். அதுவரை கண்மாய் காய்ந்து கிடக்கும். அந்த இடைவெளியில் வண்டலை அள்ளி வயலில் கொட்டுவது தாத்தா காலத்துப் பழக்கம். கண்மாயும் ஆழமாகும், வயலும் தேறும். விவசாயிக்கு இந்த மண் இலவசம்; நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்று அளவு உண்டு. முன்பு இதற்குக் கலெக்டர் அலுவலகம் வரை அலைய வேண்டும். 2024 ஜூலையிலிருந்து தாசில்தாரே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அனுமதிச் சீட்டு வயலுக்கு, லோடு வீட்டுமனைக்கு என்று போகும்போதுதான் சிக்கல். நான்குவழிச் சாலையோரம் பள்ளமாகக் கிடக்கும் இடத்தை மேடாக்க மண் வேண்டும்; காசு கொடுக்க ஆள் இருக்கிறது. மேலூர் சுற்றுவட்டாரத்தில் கிரானைட் முறைகேடு 2012இல் வெளியே வந்து, 2014இல் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை நியமித்தது வரை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. கல்லைப் பற்றிக் கேள்வி கேட்கப் பழகியவர்கள், மண்ணென்றால் ‘மண்ணுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

அந்தப் பகுதிக்கு எங்கள் பகுதிநேர நிருபர் ஒருவர் இருக்கிறார். பத்து வருட அனுபவம். செய்திக்கு அலுவலகம் தரும் தொகை அவருடைய பெட்ரோலுக்கே இழுபறி. சுதந்திர தினம், தீபாவளி, பொங்கல் என்று விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன். குடும்பம் ஓடுவது அதில்தான். அந்த வருடம் சுதந்திர தின வாழ்த்து விளம்பரத்துக்குக் கால் பக்கம் சொல்லியிருந்தவர் ஒரு டிப்பர் ஒப்பந்ததாரர். இந்தக் கண்மாயில் மண் அள்ளிக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

வந்த தகவல், போட்ட செய்தி

ஆகஸ்ட் 12ஆம் தேதி நிருபர் போன் செய்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹிட்டாச்சி இறங்குகிறது, விடிய விடிய டிப்பர் ஓடுகிறது, மடைக்குப் பக்கத்திலேயே பள்ளம் போட்டுவிட்டார்கள் என்றார். விளம்பர விஷயத்தையும் அவரே சொல்லிவிட்டார். “அண்ணே, அந்தாளு எனக்கு விளம்பரம் குடுக்குறவரு. நான் எழுதலாமாண்ணே?” இந்தக் கேள்வியை அவர் கேட்டதே பெரிய விஷயம். நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். “எழுதுங்க, பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

13ஆம் தேதி சாயங்காலம் செய்தி வந்தது. ஊர்க்காரர் இருவரிடம் பேசியிருந்தார். ஒருவர் பெயரோடு, இன்னொருவர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். ராத்திரியில் எடுத்த படங்கள் இருட்டாக இருந்தன. ஹெட்லைட் இரண்டு புள்ளியாகத் தெரிந்ததோடு சரி. பக்கம் முடிக்கப் பத்து மணி கெடு. அந்த நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்ததென்று ஒரு பகல் படத்தை அவர் அனுப்பினார். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு பள்ளம், அதற்குள் இயந்திரம், பின்னால் கரை. பார்த்ததுமே கண்ணில் அடிக்கும் படம். “இது நம்ம கண்மாய்தானா?” என்று கேட்டேன். “குரூப்புல அப்படித்தாண்ணே போட்டிருக்காங்க” என்றார். அந்தப் பதில் போதாது என்று அன்றைக்குத் தோன்றவில்லை. மூன்றாம் பக்கத்தில் நான்கு காலம் அகலத்துக்குப் படம் போனது.

ஒப்பந்ததாரரிடம் விளக்கம் கேட்டாரா என்றால், கேட்டார். இரவு 9.40க்கு ஒரு முறை. அவர் எடுக்கவில்லை. ‘தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று கடைசி வரியில் சேர்த்தோம். அந்த வரி பொய்யில்லை. ஆனால் 13 நாளாக நடப்பதாக நாமே எழுதும் வேலையைப் பற்றி, அச்சுக்கு 20 நிமிடம் முன்னால் ஒரே ஒரு தடவை போன் அடித்துவிட்டு அப்படி எழுதியதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

காலை ஆறரை மணி

14ஆம் தேதி, புதன்கிழமை. காலை ஆறரைக்கு அலுவலக எண்ணுக்கு வந்த அழைப்பு என் செல்லுக்குத் திருப்பப்பட்டது. அந்த ஊர்க்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். குரலில் கோபம் இல்லை.

“தம்பி, மண்ணு அள்ளுறது நெசந்தான். ஆனா படத்துல கரை மேல வரிசையா பனை நிக்கிது பாருங்க. எங்க கண்மாய்க் கரையில ஒத்தப் பனை கிடையாது. பூரா கருவேலம். எந்த ஊருப் படத்தைப் போட்டீங்க?”

பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். எட்டு பனைமரம். முந்தின இரவு நான் அந்தப் பள்ளத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

படத்தை இணையத்தில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய படம், வேறு மாவட்டம். மதியத்துக்குள் தாலுகா அலுவலகத்திலிருந்து மறுப்பு வந்தது: அனுமதி பெற்ற விவசாயிகளே மண் எடுக்கிறார்கள், பத்திரிகை வெளியிட்ட படம் இந்தக் கண்மாயே அல்ல, செய்தி உள்நோக்கம் கொண்டது. முதல் கூற்றில் எங்களுக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டாவதை மறுக்க முடியாது. அதனால் மூன்றாவதுக்குப் பதில் சொல்ல வாய் இல்லை.

அதே மதியம் விளம்பரப் பிரிவிலிருந்து போன். கால் பக்க விளம்பரம் ரத்து. மேலாளர் கத்தவில்லை, “சரியான செய்திக்காகப் போயிருந்தா பரவாயில்ல சார்” என்று மட்டும் சொன்னார். கத்தியிருக்கலாம்.

திருத்தம் எங்கே, எவ்வளவு

ஆகஸ்ட் 15 அலுவலக விடுமுறை. 16ஆம் தேதி இதழ் கிடையாது. 15ஆம் தேதி இதழிலேயே திருத்தம் வராவிட்டால் 17 வரை பொய்ப் படம் ஊரில் நிற்கும். 15ஆம் தேதி கிராம சபை வேறு.

டெஸ்க்கில் விவாதம் நடந்தது. ஏழாம் பக்கத்தில் கீழே சிங்கிள் காலம் போதும், ஊர் உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது ஒரு தரப்பு. தவறு நேர்ந்தால் தாமதமில்லாமல், உரிய முக்கியத்துவத்தோடு திருத்தம் வெளியிட வேண்டும் என்பது இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை. ‘உரிய முக்கியத்துவம்’ என்பதை அவரவர் வசதிக்கு அளந்துகொள்கிறோம். தவறு எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் வந்ததோ அதே இடம் என்று நான் வாதாடினேன். நேர்மைக்காக மட்டும் சொல்லவில்லை. செய்தியின் மீதிப் பகுதி உயிரோடு இருக்க வேண்டுமானால் தவறான பகுதியை நாமே வெட்டி எறிய வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. செய்தி ஆசிரியர் ஒப்புக்கொண்டார். மூன்றாம் பக்கத்தில் மேலே, பெட்டிக்குள்: படம் தவறு, வேறு மாவட்டத்தைச் சேர்ந்தது, வருந்துகிறோம், இரவில் மண் அள்ளப்படுவதாக ஊர்மக்கள் கூறிய புகார் அப்படியே உள்ளது, தொடர்ந்து விசாரிக்கிறோம்.

மறுநாள் கிராம சபையில் ஊராட்சித் தலைவர் அந்தப் பெட்டியை வாசித்தார். ‘வருந்துகிறோம்’ வரைக்கும்தான். மீதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார் என்று நிருபர் சொன்னார். கண்மாயைப் பற்றிப் பேச எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் போட்ட ஒரு படம், ஊர் கூடிக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கேள்வியின் கழுத்தைப் பிடித்துவிட்டது. விளம்பரம் போனதைவிட இதுதான் எனக்கு உறைத்தது.

கீழமடைக்காரர்

இன்னொரு தவறு தெரியவர மூன்று நாள் ஆனது. பெயர் போட வேண்டாம் என்று சொன்னவரை, செய்தியில் ‘பெயர் வெளியிட விரும்பாத கீழமடைப் பாசன விவசாயி ஒருவர்’ என்று எழுதியிருந்தோம். மதுரையில் உட்கார்ந்து படித்தால் யாரோ ஒருவர். ஊரில் கீழமடையில் நிலம் வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். அதில் எதிர்த்துப் பேசக்கூடியவர் ஒருவர். பெயரைத்தான் மறைத்தோம், ஆளை மறைக்கவில்லை.

17ஆம் தேதி காலை அவர் வயலுக்குப் போகும் பாதையை அடைத்துக்கொண்டு டிப்பர் நின்றது. பம்பு செட்டில் பியூஸ் கேரியரைக் காணோம். யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. புகார் கொடுக்கலாம் என்று நிருபர் சொன்னதற்கு, “யாரு மேல குடுக்கச் சொல்ற? இனிமே எனக்குப் போன் போடாத தம்பி” என்று வைத்துவிட்டார். இதை எழுதும் நாள் வரை அவர் எங்களிடம் பேசவில்லை.

நிருபரின் பாதுகாப்பு பற்றியும் அப்போதுதான் பேச்சு வந்தது. எங்கள் அலுவலகத்தில் மூத்தவர்களுக்கு 2007 மே 9 மறக்காது. அன்று மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகம் தாக்கப்பட்டு, தீ வைக்கப்பட்டு, மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்களை விசாரணை நீதிமன்றம் விடுவித்ததும், 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்ததும் பலருக்குத் தெரியும். செத்தவர்கள் செய்தி எழுதுகிறவர்கள் அல்ல என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அதை ஞாபகப்படுத்திய சீனியர் ஒருவர், நிருபர் தனியாகக் கண்மாய்க்குள் இறங்கக் கூடாது, இரவில் போனால் கூட ஒருவர் வேண்டும் என்றார். எங்கள் நிருபருடன் போக மதுரையிலிருந்து ஒரு இளைய நிருபரை அனுப்பினோம்.

எண்ணியதும் கேட்டதும்

இரண்டு முடிவு எடுத்தோம். இனி எழுதினால் எண்ணிப் பார்த்தது, காகிதத்தில் உள்ளது, இந்த இரண்டுதான். அதோடு அந்த வட்டாரத்தில் விளம்பரம் பிடிக்கும் வேலை அந்த நிருபரிடமிருந்து எடுக்கப்பட்டது. தீபாவளி வரைக்கான கமிஷனை ஈடுகட்ட ஒரு தொகை தருவதாகச் சொன்னோம். வாதாடி வாங்கியது அந்தத் தொகை. அடுத்த வருடம் அதே வாதத்தை மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 19 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தாலுகா அலுவலகத்துக்கு மனு. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், ஒரு பக்கத்தில் நான்கு கேள்வி: அனுமதி பெற்றவர் பட்டியல், சர்வே எண், அனுமதித்த அளவு, விண்ணப்ப நகல்கள்.

செய்தி வந்தபின் நான்கு நாள் நின்றிருந்த வண்டிகள், படம் பொய் என்றானதால் மறுபடி ஓட ஆரம்பித்தன. நால்ரோட்டில் டீக்கடை ஒன்று இரவெல்லாம் திறந்திருக்கும். நிருபர்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டில் ஐந்தைந்தாகக் கட்டிக் கணக்கெடுத்தார்கள். முதல் இரவு பத்து மணியிலிருந்து நாலரை வரை 64 லோடு. அடுத்த இரவு 58. எல்லாம் மூன்று யூனிட் டிப்பர். வயல் பக்கம் திரும்பியவை 11; மற்றவை மெயின் ரோட்டுக்கு ஏறின.

சட்டம் சொன்ன 30 நாள் தாண்டி, செப்டம்பர் கடைசி வாரத்தில் பதில் வந்தது. 23 விவசாயிகள், மொத்தம் 41 ஏக்கர் நன்செய், 3,075 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி; மூன்று யூனிட் லோடு என்றால் ஏறத்தாழ எட்டரை கன மீட்டர். ஆக மொத்த அனுமதியும் சுமார் 362 லோடில் தீர்ந்துவிட வேண்டும். நாங்கள் எண்ணிய இரண்டே இரவில் 122 போய்விட்டது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஊர்க்காரர்கள் சொன்ன கணக்குப்படி வேலை நடந்தது மூன்று வாரத்துக்கும் மேல். பள்ளத்தின் படம் எதுவும் தேவைப்படவில்லை. வகுத்தல் கணக்கு போதுமானதாக இருந்தது.

பட்டியலை எடுத்துக்கொண்டு நிருபர் வீடு வீடாகப் போனார். 23இல் 17 பேரைப் பார்க்க முடிந்தது. ஒன்பது பேர் மண் உண்மையாகவே வந்தது என்றார்கள். ஐந்து பேருக்குத் தங்கள் பெயரில் மனு போனதே தெரியாது. மற்றவர்கள் எதுவும் பேசவில்லை. பார்க்க முடியாதவர்களில் ஒருவர் திருப்பூரில். இன்னொருவர் வீட்டில் மகன் டீ கொடுத்துவிட்டு, நகலில் இருந்த கையெழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “எங்கப்பா செத்து ஏழு வருசமாச்சுண்ணே. இருந்தப்பவும் அவருக்குக் கையெழுத்துப் போட வராது. கைநாட்டுதான்.”

வக்கீல் நோட்டீசும் இரண்டாவது செய்தியும்

இடையில், செப்டம்பர் முதல் வாரமே ஒப்பந்ததாரரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தது. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 499, 500ஆம் பிரிவுகளுக்குப் பதிலாக வந்தது. எங்கள் வழக்கறிஞர் 1994இல் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் கொடுத்த தீர்ப்பை எடுத்துவைத்தார். அரசு ஊழியரின் பணி பற்றிய செய்தி தவறாகவே இருந்தாலும், அவர் நஷ்டஈடு கேட்க வேண்டுமானால், உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதப்பட்டது என்று அவரே நிறுவ வேண்டும். நியாயமான அளவு சரிபார்த்தேன் என்று பத்திரிகை காட்டினால் போதும். பொது ஆவணத்தை வைத்து எழுதவும் தடையில்லை. கேட்க நன்றாக இருந்தது. அப்புறம் அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒப்பந்ததாரர் அரசு ஊழியர் அல்ல. “அடுத்தது, அந்தப் படத்துக்கு நீங்க என்ன சரிபார்த்தீங்க?” நான் பதில் சொல்லவில்லை. மறுநாளே திருத்தம் வெளியிட்டிருந்ததுதான் எங்களுக்கு இருந்த ஒரே பிடி. அதைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பினோம், வழக்கு வரவில்லை.

செப்டம்பர் 28, சனிக்கிழமை இரண்டாவது செய்தி. இம்முறை ஒப்பந்ததாரரை இரண்டு நாளில் நான்கு முறை அழைத்தோம். நான்காவது முறை எடுத்தார். “நான் வாடகைக்கு வண்டி ஓட்டுறவன். லிஸ்ட்டு குடுத்தது நானா?” அந்தப் பதில் இரண்டாம் பத்தியிலேயே போனது. நியாயமான கேள்வியும்கூட, பட்டியல் எப்படித் தயாரானது என்ற இடத்துக்கு எங்களைக் கொண்டுபோனது அதுதான். இறந்தவர் பெயரைப் போடச் சொல்லி மகனே கேட்டும் போடவில்லை. கீழமடைக்காரருக்கு நடந்தது ஞாபகம் இருந்தது.

பிறகு நடந்தவை

அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்த ஆசிரியர் பட்டியலின் ஜெராக்ஸோடு வந்தார். மகளிர் குழுப் பெண் ஒருவர் எழுந்து, பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தார்கள். ஏழாவதாக இறந்தவர் பெயர் வந்ததும் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பி உடனே அடங்கியது. கண்மாயை சர்வேயர் வைத்து அளக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. கோட்டாட்சியர் விசாரணை வந்தது. மீதி அனுமதி ரத்து. இரண்டு டிப்பருக்கு அபராதம். வருவாய்த் துறையில் ஒருவருக்கு இடமாற்றம்.

அளவு மட்டும் எடுக்கப்படவில்லை. அதற்குள் கண்மாய்க்குத் தண்ணீர் வந்துவிட்டது, பள்ளம் அடியில். 2025 ஜனவரி 5 அன்று ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் வந்தார். தீர்மானத்தைப் பற்றிக் கேட்டபோது, தனக்கு முந்தைய காலத்தது என்றார். கேள்வி கேட்பதற்கு, ஊர் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் அப்போது இல்லை.

ரத்தானதில் உண்மையான விவசாயிகள் மண்ணும் நின்றது. நாலு ஏக்கர்காரர் ஒருவர் நிருபரை வழிமறித்துக் கேட்டார்: “நீங்க பேப்பர்ல போட்டு நல்லா இருந்துக்கிட்டீங்க. எனக்கு மண்ணு?” எங்கள் இரண்டு செய்தியிலும் அந்த ஒன்பது பேர் வெறும் எண்ணாகத்தான் இருந்தார்கள். அவர்களுக்கு மண் தொடர வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் உத்தரவு வேறு மாதிரி வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

இப்போது மாற்றிக்கொண்டவை

வாட்ஸ்அப் படத்தைப் பற்றிய முடிவு எளிது: எடுத்தவரிடம் பேசாமல் அச்சேறாது. படமே இல்லாவிட்டால் இல்லாமலே போகட்டும். பெயர் மறைக்கும் விஷயம் அவ்வளவு எளிதில்லை. ஊரில் ஒருவரைக் காட்டிக்கொடுக்க மடை போதும், சாதி போதும், டீக்கடை போதும். இப்போதெல்லாம் அப்படிப்பட்ட பத்தியை நிருபர் அந்த ஆளுக்கே போனில் வாசித்துக் காட்டுகிறார். ‘இதைப் படிச்சா நீங்கன்னு தெரியுமா?’ என்று கேட்கிறார். பாதி நேரம் ‘தெரியும்’ என்றுதான் வருகிறது. அந்த வரி போகும்.

முதல் நாளே மனு போட்டிருக்க வேண்டும், எண்ணியிருக்க வேண்டும். அவசரப்படாமல் இரண்டு இரவு டீக்கடையில் உட்கார்ந்திருந்தால், கண்மாய் காய்ந்திருந்த காலத்திலேயே கணக்கு வெளிவந்திருக்கும், அளக்கவும் முடிந்திருக்கும். எங்கள் தவறு ஆறு வாரத்தைத் தின்றது. பள்ளம் போட்டவர்களுக்குத் தேவைப்பட்டதும் அந்த ஆறு வாரம்தான்.

விளம்பரப் பிரச்சினை தீரவில்லை. ஒரு நிருபருக்கு மட்டும் மாற்றினோம். முறை அப்படியே இருக்கிறது.

2025 கோடையில் அந்தக் கண்மாய்க்கு மறுபடி வண்டல் அனுமதி வந்தது. ஊர்க்காரர்கள் கேட்டதால் பயனாளிகள் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நிருபர் அதைப் படமெடுத்து அனுப்பினார். நாலு ஏக்கர்காரர் பெயர் இருந்தது. படத்தின் ஓரத்தில் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் கரை தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கருவேலம்தான்.